மூன்றாவது நொடி

எங்கள் விளையாட்டில் பெய்யும் மழை
நார்வேயில் யாரோ ஒருவர் வீட்டுக் கூரையில் பெய்தது.
இலவசம். பெயர்கூடப் போட வேண்டாம் என்று எழுதியிருந்தார்.
காலடி, பிரேசில்.
கொதிக்கும் கெட்டில், போலந்தில் ஒரு சமையலறை.
தவளை மட்டும் மூன்று நாடுகள் கலந்தது.
கதையோ
மூடிக்கிடக்கும் தேயிலை ஃபேக்டரியில்
ராத்திரி டார்ச்சோடு சுற்றும் ஒரு வாட்ச்மேனுடையது,
கோத்தகிரிக்கு ஆறு கிலோமீட்டர் கீழே.

ஜன்னலுக்கு வெளியே நிஜ மழை விடாமல் பெய்ய
ஹெட்ஃபோனை இறுக்கிக்கொண்டு
நார்வே மழையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.
எங்கள் மழையில் எப்போதும் யாராவது இருமுகிறார்கள்.

விற்பனைக்கு வர இரண்டு நாள்.
எக்செல் தாளில் வரிவரியாக
உரிமம் சரிபார்த்துக்கொண்டே வந்த இம்தியாஸ்
நூற்றுப் பதினேழாவது வரியில் நின்றான்.
"கதவு."
"என்ன கதவு?"
"வித்தா ஆகாதாம். சும்மா குடுத்தா சரியாம்."

நூற்றுத் தொண்ணூறு ரூபாய்க்கு விற்கிறோம்.
நாற்பத்தோரு இடத்தில் திறக்கிறது அந்தக் கதவு.
கொடுத்தவருக்குக் கடிதம் போட்டோம்.
அவர் அந்தப் பக்கம் கடைசியாக வந்துபோனது
ஒன்பது வருடத்துக்கு முன்னால்.
யார் கண்டது, சிரித்துக்கொண்டே
எடுத்துக்கோ என்றிருப்பார்.
என்றிருப்பார் என்பதை
எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

ஊர் முழுக்கக் கதவு தேடினோம்.
லாட்ஜ் கதவுகள் எல்லாம் பிளைவுட்.
சர்ச் கதவு அழகாக முனகியது, உள்ளே ஜெபக்கூட்டம்.
கடைசியில், எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால்
போஜன் காரட் மூட்டை அடுக்கும் கொட்டகை.
தகரம் அடித்த மரக்கதவு. பனியில் ஊறி ஊதியது.
முதலில் மறுக்கும்,
பிறகு இழுத்து இழுத்து ஏதோ சொல்லும்,
ஒரேயடியாக விட்டுக்கொடுக்கும்.

"கதவு வேணுமா?" என்றார் போஜன்.
"சத்தம் மட்டும்."
"சத்தத்துக்கு என்ன வாடகை?"
நிஜமாகத்தான் கேட்டாரா, தெரியவில்லை.
இம்தியாஸ் மூன்று பக்கத்தில் கையெழுத்து வாங்கினான்.
மண்டிச் சீட்டில் போடுவதுபோல்
படிக்காமல் போட்டுக் கொடுத்தார்.

ராத்திரி ஒன்பதே கால். பதினொரு முறை திறந்தோம்.
பத்தில் நாய், தண்ணீர் மோட்டார்,
என் மூக்குறிஞ்சல்.
தேறிய ஒன்றிலும் மூன்றாவது நொடியில்
கட்டபெட்டு போகும் கடைசி பஸ்
வளைவில் அடித்த ஹாரன்,
பனிமூட்டத்தில் நனைந்து, நீண்டு.
அதை வெட்டிப் பார்த்தேன். கதவும் செத்தது.
விட்டுவிட்டேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாங்கினார்கள்.
எட்டுப் பேர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள்.
எடுத்தே பழகிய வெட்கத்தில்
கதவைப் பொதுவில் போட்டேன்:
விற்கலாம், வெட்டலாம், எதற்கும் யாரும்.
போஜன் பெயரை மட்டும் போட்டால் போதும்.

அடுத்த மழைக்குள்
போஜன் கீலுக்கு கிரீஸ் அப்பினார்.
கொட்டகை இப்போது ஊமை.

ஜனவரி. புல்லெல்லாம் உறைபனி.
இம்தியாஸ் போனை நீட்டினான்.
தென்கொரியாவில் இரண்டு பேர் செய்த விளையாட்டு.
எல்லோரும் செத்துப்போன விண்கலம்.
ஒரு பெண் இரும்புக் கதவைத் திறக்கிறாள்.
மறுக்கிறது. இழுக்கிறது.
மூன்றாவது நொடி:
வியாழனுக்கு அப்பால், காற்றே இல்லாத இருட்டில்
கட்டபெட்டு பஸ்.
சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள்.

எழுதிக் கேட்டேன். அன்றே பதில் வந்தது.
ஏதோ மிருகம் என்று நினைத்தோம்,
அந்தக் குரலுக்காகவே ஒரு மிருகம் வரைந்தோம்,
கடைசிக் கட்டத்தில் வரும்.

நன்றிப் பட்டியலில், இருநூறு பெயருக்கு நடுவே,
ஓர் எழுத்துப் பிழையோடு போஜன்.
மண்டிக்குப் போய்க் காட்டினேன்.
தராசில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்
கதவைக் கேட்டார், ஹாரனைக் கேட்டார்,
இன்னொரு முறை போடச் சொன்னார்.
மேலும் கீழும் பட்டியலைத் தள்ளிப் பார்த்துவிட்டு,

"டிரைவர் பேரைக் காணோமே?"